ஒன்பதாம் பக்கம், ஆறாவது வரி

பெனடிக்றிடம் இரண்டு பட்டியல்களைக் கொடுத்து ஒரு மூலையில் இருத்திவிட்டால் போதும், மனுசன் சோறு தண்ணீர் கேட்கமாட்டார். ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் மரக்கறி பொதி செய்யும் கொட்டகையொன்றில் பத்தொன்பது வருடமாக அவர் பார்த்துவந்த வேலையே அதுதான். கடைக்காரர்கள் கேட்டனுப்பிய பட்டியல் ஒரு கையில், லொறியில் ஏற்றவிருக்கும் பட்டியல் மற்றக் கையில். வெங்காயம் இருநூறு மூட்டை, இரண்டிலும் இருக்கிறது, ஏற்று. கரட் எண்பது பெட்டி, ஒன்றில் இருக்கிறது மற்றதில் இல்லை, ஒதுக்கி வை. அடிமட்டத்தை, கோடு போடுகிற அளவுகோலை, வரிக்குக் கீழே பிடித்து, பென்சிலால் ஒரு சின்னக் கீறு போட்டு, அடுத்த வரிக்குப் போவார். அவர் விட்ட பிழையால் ஒரு லொறிகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவரே சொல்லுவார். கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

மன்னாரில் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். மனைவி பேர்ணடெட்டையும் மூன்று வயது மகள் ஜெனுஷாவையும் கூட்டிக்கொண்டு ஆக்லாந்துக்கு வந்தபோது கையில் இருந்த ஒரே தொழில் இந்தச் சரிபார்க்கும் தொழில்தான். இப்போது வயது அறுபத்தொன்று. பேர்ணடெட் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறார். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. தமிழ்ப் பூசைக்குப் பின்னால் தேநீர் குடிக்கும் கூட்டத்தில் அவருக்கென்று ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதைக்குக் காரணம் வெங்காய மூட்டை அல்ல, தொலைக்காட்சி விருது.

அது இப்படி வந்தது. நவரத்தினம் என்றொருவர் தமிழர்களுக்காக ஒரு மாத மடல் அச்சடிக்கிறார், வாரத்தில் ஒரு மணிநேரம் சமூக வானொலியும் நடத்துகிறார். எட்டு வருடத்துக்கு முன் ஒரு மாதம் மடலில் அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. "அண்ணை, எதையாவது எழுதித் தாங்கோ" என்று பெனடிக்றின் காலில் விழாத குறை. கொட்டகையின் தேநீர் அறையில் கிடந்த பத்திரிகையில் அன்றைக்கு விருதுப் பரிந்துரைகள் வந்திருந்தன. இந்த நாட்டுத் தொடர்களுக்கு வாக்களித்து விருது கொடுக்கிற கூட்டம் இரண்டு. ஒன்று திரைத் தொழிலாளர் அவை. கமெரா பிடிப்பவர், உடுப்புத் தைப்பவர், விளக்குத் தூக்குபவர் எல்லாரும் தங்களுக்குள் வாக்களிப்பது. தயாரிப்புக் கம்பனிகள் படிவம் நிரப்பி அனுப்பினால்தான் பெயர் வரும். மற்றது விமர்சகர் வட்டம். தொலைக்காட்சியைப் பற்றி எழுதுகிறவர்களும் வானொலியில் பேசுகிறவர்களும் சேர்ந்தது. அவர்களுக்குப் படிவம் கிடிவம் கிடையாது. தாங்களே பார்த்து, திரையில் ஓடுகிற பெயரைக் குறித்துக்கொண்டு, தாங்களே தெரிவு செய்வார்கள். வட்டத்துக்காரருக்கு ஒரு வயரைச் சுருட்டத் தெரியாது என்று அவை சொல்லும். அவைக்காரர் தங்கள் மச்சானுக்கும் மச்சாளுக்கும் வாக்குப் போடுகிறார்கள் என்று வட்டம் சொல்லும். ஒருவர் ஒரு செவ்வாய்க்கிழமை பட்டியல் விட்டால் மற்றவர் வேண்டுமென்றே அடுத்த செவ்வாய்க்கிழமை விடுவார்.

இரண்டு பட்டியல். பெனடிக்றின் கை தன்பாட்டில் அடிமட்டத்தைத் தேடியது. தொண்ணூற்றாறு பெயரில் நாற்பத்தொன்று இரண்டிலும் இருந்தது. அதை வைத்து அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். சனத்துக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு தரம், பரிந்துரை வரும்போது ஒன்றும் விருது கொடுத்த பிறகு ஒன்றுமாக, 'இரு பட்டியல்' என்ற தலைப்பில் அவருடைய கட்டுரை வந்தது. அவருடைய சித்தாந்தம் கொட்டகைச் சித்தாந்தம்தான். இரண்டிலும் உள்ள பெயர் மெய்யான பெயர். ஒன்றில் மட்டும் உள்ள பெயரில் ஏதோ கோளாறு. அப்படிப்பட்டவர்களுக்கு 'ஒரு பட்டியல்காரர்' என்று ஒரு பட்டமும் வைத்திருந்தார். ஆரோ தெரிந்தவர் பிடித்து உள்ளே விட்ட பேர்வழி என்று அதற்கு அர்த்தம். எவ்வளவு பேரை இந்த மனுசன் இப்படி ஒதுக்கி வைத்தாரோ, அவர்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாதது அவருடைய அதிர்ஷ்டம்.

மகளைப் பற்றி மட்டும் அவர் எங்கேயும் கதைப்பதில்லை. ஆராவது கேட்டால், "நியூ லின் பக்கம் இருக்கிறாள், வேலை செய்யிறாள்" என்று சொல்லிவிட்டு வெங்காய விளைச்சலுக்குப் போய்விடுவார். ஜெனுஷா கணக்கியல் படிக்கப் பல்கலைக்கழகம் போனவள். இரண்டாம் வருடத்தில் அதை விட்டுவிட்டு, தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஒலி சேர்க்கிற இடமொன்றில் போய்ச் சேர்ந்தாள். எட்டு வருடமாயிற்று. அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். நத்தார்ப் பண்டிகைக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் வருவாள், சாப்பிடுவாள், தாயைக் கட்டிப்பிடிப்பாள், போவாள்.

இந்த வருடம் அவையின் பட்டியல்தான் முதலில், ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வேலை முடிந்த பிறகு, பின்னேரம் இரண்டு மணிக்கு, தேநீர் அறையில் அச்சடித்த தாள்களோடு பெனடிக்ற் குந்தினார். ஏழாம் பக்கத்தில் அடிமட்டம் நின்றுவிட்டது. ஒலித்தொகுப்பு, 'லைட்ஹவுஸ் ரோட்', ஜெனுஷா பெனடிக்ற்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தார். பிறகு எழும்பிப் போய், அங்கே மேற்பார்வையாளராக இருக்கும் மலேசியத் தமிழர் கிளமென்டுக்குக் காட்டினார். பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவனுக்குக் காட்டினார். ஒரு தமிழெழுத்தும் தெரியாத தொங்கா தீவுப் பெண்கள் இரண்டு பேரை நிறுத்தி வைத்து, "மை டோட்டர்" என்றார். எட்டு வருடமாக வாயில் வராத மகள் ஒரே மத்தியானத்தில் வாய் நிறைய வந்தாள்.

வீட்டில் பேர்ணடெட்டுக்குத் தாளை நீட்டினார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஓம், பிள்ளை சொன்னவள்" என்றார்.

"உனக்குத் தெரியுமே?"

"தெரியும்."

அதற்கு மேல் கேட்க பெனடிக்றுக்கு நேரமில்லை. மகளுக்கு வட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினார். 'தாங்க்ஸ் அப்பா' என்று பதில் வந்தது. அதையும் நாலு பேருக்குக் காட்டினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வட்டத்தின் பட்டியல் வந்தது. இருபத்திரண்டு பக்கம். வட்டத்துக்காரர் அந்த வருடம் முறையை மாற்றி, ஒவ்வொரு தொடருக்குக் கீழும் அதில் வேலை செய்தவர்களைப் போட்டிருந்தார்கள். அச்சடித்து, அடிமட்டம் வைத்து, வரிவரியாகப் போகவேண்டிய மனுசனுக்கு அன்றைக்குப் பொறுமையில்லை. கொட்டகைக் கொம்பியூட்டரில் திறந்து, தேடுகிற பெட்டியில் 'பெனடிக்ற்' என்று அடித்தார். ஒன்றும் இல்லை என்று வந்தது. இன்னொரு தரம் அடித்தார். இல்லை.

அவருக்கு வியர்த்தது. மகளுக்கு ஒரு விருது குறைகிறதே என்ற வியர்வை இல்லை அது. இரண்டு கிழமையில் அடுத்த மடல் போகவேண்டும். பதினாறு கட்டுரை எழுதி அவர் நாட்டிய சட்டப்படி, ஜெனுஷா இப்போது ஒரு பட்டியல்காரி. கட்டுரையை எழுதினால் தன் கையாலேயே மகளை ஒதுக்கி வைக்க வேண்டும். எழுதாமல் விட்டால் சனம் கேட்கும், ஏனென்றால் கொட்டகை தொடங்கிக் கோயில் வரைக்கும் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. ஒன்று, பெனடிக்றின் சட்டம் பிழை, அல்லது வட்டம் பிழை. வட்டத்தைப் பிழையாக்குவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் நவரத்தினத்தின் வானொலியில் போய் இருந்து முழங்கினார். "கூட வேலை செய்யிற ஆக்கள் எங்கட பிள்ளையின்ர திறமையைக் கண்டவை. கதிரையில இருந்து எழுதிற ஆக்களுக்கு அது தெரியேல்லை. ஏன் தெரியேல்லை எண்டு உங்களுக்கும் விளங்கும், எனக்கும் விளங்கும். எங்கட நிறம் அந்த ஆக்களின்ர கண்ணுக்குப் பிடிபடாது." நவரத்தினம் "உண்மை அண்ணை, உண்மை" என்று சுதி போட்டார். அந்த ஊரில் உண்மையாகவே நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்கள் பலர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு எழுதி எழுதிப் பதில் வராதவர்கள், வாடகை வீடு பார்க்கப் போய்ச் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அவர்களுடைய நெஞ்சில் உண்மையாக இருந்த புண்ணில் பெனடிக்ற் தன் விரலை வைத்து அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேநீர் மேசையில், வட்டத்துக்கு எழுதிய மனுத் தாளை விரித்தார். நூற்று நாற்பத்துமூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். முழங்கால் வலியோடு கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து போட்டவர்களும் உண்டு. கிளமென்டின் மாமியார் இந்து, அவர் மகளோடு தேநீருக்கு வந்தவர், அவரும் போட்டார். பேர்ணடெட் மட்டும் அங்கே இல்லை. கிழமை முடிவு அவருக்கு முதியோர் இல்லத்தில் முறை. வானொலி கேட்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. வென்ற பிறகு சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று பெனடிக்ற் வாயை இறுக்கி வைத்திருந்தார். மத்தியானமே மனுவை மின்னஞ்சலில் அனுப்பினார். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மகளின் வரியில் சிவப்படித்த ஓர் அட்டவணையும் சேர்த்தார். நாங்கள் பின்னால் நிற்கிறோம் என்று தெரியட்டும் என்று, ஜெனுஷா வேலை செய்யும் கம்பனிக்கும் ஒரு பிரதி.

திங்கட்கிழமை பின்னேரம் வட்டத்தின் செயலாளரிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான, சின்னக் கடிதம். நீங்கள் குறிப்பிடும் ஒலித்தொகுப்பாளர் எங்கள் பட்டியலில் ஒன்பதாம் பக்கத்தில் ஆறாவது வரியில் இருக்கிறார், ஒருவேளை வேறு பெயரில் அவரை நீங்கள் அறிந்திருக்கலாம், உங்கள் குடும்பத்துக்கு எங்கள் வாழ்த்துகள். அவ்வளவுதான்.

பெனடிக்ற் ஒன்பதாம் பக்கத்துக்குப் போனார். ஆறாவது வரி. 'ஜெனுஷா பேர்ணடெட்.'

காது இரண்டும் சுட்டது. தேடுகிற பெட்டியில் ஜெனுஷா என்று அடித்திருந்தால் ஒரு கணத்தில் வந்திருக்கும். மகளைத் தேடப்போனவர் அடித்தது தன்னுடைய பெயரை. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் தகப்பன் பெயரைச் சொல்லித்தானே இந்த நாட்டில் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தார். சமாதானம் நிற்கவில்லை. தேநீர் அறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பேர்ணடெட் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறபோது தாளை மேசையில் வைத்தார். இந்தத் தரம் நீட்டவில்லை.

"இது எப்ப தொடக்கம்?" என்று கேட்டார்.

பேர்ணடெட் பார்த்தார். ஒளிக்க ஒன்றுமில்லை என்று கதிரையில் இருந்தார். "துவக்கத்தில இருந்தே அப்பிடித்தான். நாடகம் முடிய ஓடுற எழுத்தில எல்லாம் அப்பிடித்தான் வரும்."

"அப்ப முதல் பட்டியலில?"

"அது கம்பனி பாஸ்போட்டைப் பாத்து நிரப்பின படிவம். மாத்திறதெண்டா மாத்தலாமாம், அதுக்கும் ஒரு படிவம் அனுப்பியிருக்கினம். மேடையில எந்தப் பேரைக் கூப்பிடுறதெண்டு கேட்டிருக்கினமாம். பிள்ளை இன்னும் யோசிக்கிறாள்."

"ஏன் என்ர பேரை விட்டவள்?"

பேர்ணடெட் மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்தார். பிறகு, கோபமில்லாமல், ஒரு முகவரி சொல்லுகிற மாதிரிச் சொன்னார். "நீங்கள்தான் சொன்னனீங்கள். அவள் பெட்டியோட வெளிக்கிட்ட அண்டைக்கு, இந்த மேசையடியில நிண்டு. நாடகக்காரரோட திரியிறதெண்டா என்ர பேரை அங்க கொண்டு போகாதே எண்டு. அவள் கொண்டு போகேல்லை."

பெனடிக்றுக்கு அந்த நாள் நினைவில் இருந்தது. அந்தச் சொல் இல்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. ஒரு பிள்ளை எட்டு வருடம் சுமந்த சொல்லை, சொன்னவர் அவள் வாசல் தாண்ட முதலே மறந்துபோயிருக்கிறார்.

"இஞ்ச பாருங்கோ," என்றார் பேர்ணடெட், "நீங்கள் ஒருநாளாவது அந்த நாடகம் பாத்தனீங்களே?"

'லைட்ஹவுஸ் ரோட்' என்ன, விருதுப் பட்டியலில் வந்த எந்தத் தொடரையும் பெனடிக்ற் பார்த்ததில்லை. பட்டியல் இருக்கும்போது தொடர் எதற்கு? பதினாறு கட்டுரையும் அப்படி எழுதியதுதான். முன் அறையில் இவர் அடிமட்டத்தோடு இருந்த நேரத்தில், பேர்ணடெட் படுக்கை அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கிழமையும் பார்த்திருக்கிறார். "கடைசியா எழுத்து ஓடும், கெதியா ஓடும். நான் கண் வெட்டாமல் இருப்பன்" என்றார். "என்ர பேர் ரி.வி.யில வரும் எண்டு நான் கனவிலயும் நினைச்சனானே?" அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு சந்தோசம் வந்து போனது. எட்டு வருடமாக ஒரு வீட்டுக்குள் அதை ஒளித்து வைக்கவேண்டி இருந்திருக்கிறது.

அன்றைக்கே ஊருக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் மனுசன் பாதி தப்பியிருப்பார். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை கிளமென்ட் கேட்டார்: "என்னா அங்கிள், பதில் வந்திச்சா? மாமி கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"பாத்துச் சொல்லுறம் எண்டிருக்கினம்" என்றார் பெனடிக்ற்.

அந்தப் பொய் வெளியே வந்த விதம் அவருக்கே பயமாக இருந்தது. அவ்வளவு இலேசாக வந்தது. செவ்வாய்தோறும் போன வியாழன் நிகழ்ச்சியைத் திரும்பப் போடுகிற நவரத்தினத்தின் வானொலி, அன்றைக்குப் பின்னேரம் அவருடைய முழக்கத்தை மறு ஒலிபரப்புச் செய்தது. ஆட்கள் தொலைபேசியில் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார்கள். தன்னுடைய மகனுக்கும் எல்லர்ஸ்லியில் ஒரு கந்தோரில் வேலை கேட்டபோது இப்படித்தான் நடந்தது, தாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம், நீங்களாவது கேட்டீர்களே என்று சுந்தரமூர்த்தி என்ற வயதாளி நன்றி சொன்னார். பெனடிக்ற் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு சுவரைப் பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த மனுசனின் மகனுக்கு நடந்தது மெய். தன் மகளுக்கு நடந்ததாகச் சொன்னது பொய். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

புதன்கிழமை ஜெனுஷா தாயுடன் கதைத்தாள். மனுவின் பிரதி அவளுடைய முதலாளியிடமிருந்து எல்லாருக்கும் போய்விட்டது, அட்டவணையோடு. இந்தப் பெனடிக்ற் யார் என்று கேட்டார்களாம். என் அப்பா என்றாளாம். உன் அப்பாவுக்கு உன் பெயர் தெரியாதா என்று கேட்டார்களாம். பேர்ணடெட் இதைக் கூட்டாமல் குறைக்காமல் புருசனிடம் சொன்னார். பெனடிக்ற் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார். இனி ஒளிக்க இடமில்லை என்று விளங்கியது. ஒளிக்கவேண்டியது மனுவை அல்ல, தன்னைத்தான் என்பதும் விளங்கியது.

வியாழக்கிழமை நவரத்தினத்திடம் போனார். விசயத்தைக் கேட்ட நவரத்தினத்தின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பத்திராதிபர் மூளை வேலை செய்தது.

"அண்ணை, இதைப் பெரிசாக்க வேண்டாம். 'தொழில்நுட்பக் காரணத்தால் ஒரு தவறு நேர்ந்துவிட்டது' எண்டு மடலில ஒரு மூலையில போட்டுவிடுவம். ஆரும் வாசியாயினம்."

"தவறு நேரேல்லை, நவம். நான் செய்தது."

"உங்கட பேர் கெட்டுப் போகும், அண்ணை."

அந்தச் சொல்லைக் கேட்க அவருக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து, தாளில் எழுதி வந்ததை வாசித்தார். வட்டத்தின் பட்டியலில் என் மகள் இருக்கிறாள். ஜெனுஷா பேர்ணடெட் என்பது அவளுடைய தொழிற்பெயர். அது எனக்குத் தெரியாது, ஏனென்றால் எட்டு வருடமாக அவளுடைய வேலையைப் பற்றி நான் கேட்டதில்லை. நிறத்தைப் பற்றி நான் சொன்னது இந்த விசயத்தில் பொய். அதை மெய்யாக அனுபவித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், இனி நீங்கள் மெய் சொல்லும்போதும் ஆட்கள் என்னை நினைத்துச் சிரிப்பார்கள். நூற்று நாற்பத்துமூன்று பேரிடமும் நேரில் வந்து சொல்லுவேன். வாசித்து முடிந்ததும் நவரத்தினம் அவசரமாக ஒரு பக்திப் பாட்டைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். தேநீர் மேசையில் சிரிப்பார்கள், சிலர் முகத்தைத் திருப்புவார்கள். அதற்கு முன் சனிக்கிழமை காலை நியூ லின்னுக்குப் போனார், தனியாக. நெடுஞ்சாலை முழுக்க ஒரே ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனார். மேடையில் எந்தப் பெயர் என்று மகள் யோசிக்கிறாள் அல்லவா? அம்மாவின் பெயரையே போடு என்று தானே சொல்லிவிடுவது. உள்ளுக்குள் அவருக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். இருந்தாலும் கொடுத்துவிடலாம். கொடுக்க அவரிடம் வேறு ஒன்றும் இல்லை.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடியில் சின்ன வீடு. "வாங்கோ அப்பா" என்று கதவைத் திறந்தாள். சுவரோரம் பெரிய ஒலிபெருக்கிகள், திரை, வயர்கள். இத்தனை வருடத்தில் அவர் இங்கே வந்தது இதுதான் முதல் தடவை. இருக்கச் சொல்லமுன்பே, நின்றபடியே சொன்னார்.

"அந்த முதல் பட்டியலிலயும் அம்மான்ர பேரையே போடச் சொல்லு, பிள்ளை."

கேத்திலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "அம்மான்ர பேரைப் போட்டு அனுப்பிட்டன், அப்பா. டியூஸ்டேயே அனுப்பிட்டன்."

கம்பனியில் மனுவைத் திறந்து பார்த்த அடுத்த நாள். பெனடிக்ற் கதிரையில் இருந்தார். நெடுஞ்சாலை முழுக்கப் பெரிய தியாகம் என்று அவர் சுமந்துவந்தது, கொடுக்க அவருடைய கையில் இருக்கவே இல்லை. அவள் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். சீனி போடாத தேநீர், அவருக்குச் சலரோகம் என்பது அவளுக்கு நினைவிருந்தது.

"நான் உன்ர நாடகம் ஒண்டும் பாக்கேல்லை" என்றார். "ஒரு நாளும் பாக்கேல்லை, பிள்ளை."

"தெரியும்" என்றாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள், முக்கியமானது என்றால் அவளுக்கு ஆங்கிலந்தான் வரும். 'லைட்ஹவுஸ் ரோட்' கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவரின் கதை என்று போன வருடம் எழுதியிருந்தீர்கள், அதில் கலங்கரை விளக்கமே கிடையாது, அது ஒரு தெரு, நாலு குடும்பம் இருக்கிற தெரு என்றாள்.

"உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே?"

"அம்மா வாசிப்பா."

அவள் கொம்பியூட்டரில் ஒரு கோப்புறையைத் திறந்தாள். பேர்ணடெட் ஒவ்வொரு கட்டுரையையும் தொலைபேசியில் வாசித்து, ஒலிப்பதிவாக அனுப்பியிருக்கிறார். எண் போட்டு, மாதம் போட்டு, வரிசையாக இருந்தன. பதினாறு. பெனடிக்ற் எண்ணிப் பார்த்தார், பழக்கதோசம். ஒன்றும் விடுபட்டிருக்கவில்லை. ஜெனுஷா முதலாவதை அழுத்தினாள்.

'அன்பார்ந்த வாசகர்களே' என்று பேர்ணடெட்டின் குரல் அந்தப் பெரிய ஒலிபெருக்கிகளிலிருந்து வந்தது. வீட்டில் அவர் அப்படிப் பேசிப் பெனடிக்ற் கேட்டதில்லை, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, மகளுக்கு விளங்கவேண்டும் என்று. பக்கத்தில் நின்று வாசிக்கிற மாதிரித் துப்பரவாக இருந்தது.

"கிச்சின்ல நிண்டு வாசிச்சிருக்கிறா. பைப் சத்தம், ஃபேன் சத்தம், எல்லாம் இருந்தது" என்றாள் ஜெனுஷா. "சத்தத்தை எல்லாம் வெளியில எடுத்திட்டன். பதினாறிலயும்."

குரல் போய்க்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறு பெயர், நாற்பத்தொன்று பொது, மீதிப் பேர்வழிகளைப் பற்றி அவர் அடித்த பகிடி. அந்தப் பகிடி வந்தபோது வாசித்த பேர்ணடெட் சிரிக்கவில்லை, கேட்ட மகளும் சிரிக்கவில்லை. பெனடிக்ற் தலையைக் குனிந்து தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் வந்தது, துடைக்கக்கூட வெட்கமாக இருந்தது.

"நிப்பாட்டு, பிள்ளை" என்றார்.

அவள் நிறுத்தவில்லை. "அம்மா இன்னும் முடிக்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தாள்.